கன்னியப்பனிடம் சொல்லாத வியாதி

கன்னியப்பனுக்கு வந்தது மாரடைப்பு என்பது திருப்புலிவனத்தில் கன்னியப்பனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஆடி மாதம். கிணற்றடிக் கழனியில் நடவுக்கு வரப்போரம் அண்டை வெட்டிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தார். குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தது போல வியர்வை. இடது கை தோளிலிருந்து சுண்டுவிரல் வரை கடுத்தது. இரண்டு தடவை வாந்தி. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த செங்கேணிதான் அவரைத் தோளில் போட்டு வந்து மாட்டுவண்டியில் கிடத்தினார். உத்திரமேரூர் போய், அங்கே வாடகைக் கார் பிடித்து, காஞ்சிபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மதியம் தாண்டிவிட்டது.

டாக்டர் நெஞ்சிலும் கை காலிலும் ஒயரை ஒட்டி மிஷினில் காகிதம் எடுத்தார். வலி அடங்க ஓர் ஊசி. மூக்கில் பிராணவாயுக் குழாய். பிறகு வராந்தாவுக்கு வந்து, கன்னியப்பனின் மனைவி சுலோச்சனாவையும் தம்பி ராஜாராமையும் தனியாகக் கூப்பிட்டார்.

"இதயத்துக்கே ரத்தம் கொடுக்குற குழாய் ஒண்ணு அடைச்சிருக்கு. அது போய்ச் சேர்ற இடத்துல கொஞ்சம் சதை செத்துப்போச்சு. இனிமே ஆறு வாரம் படுக்கை. எழுந்திருக்கக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது. முக்கியமா அவர்கிட்ட மாரடைப்புன்னு சொல்லிடாதீங்க. கேட்ட அதிர்ச்சியிலேயே இன்னொண்ணு வந்துடும். வாயுன்னு சொல்லி வைங்க."

அந்தக் காலத்தில் பல டாக்டர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். சுலோச்சனா தாலியைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். ராஜாராம் செங்கேணியிடம் சத்தியம் வாங்கினான். செங்கேணி ஊரிலிருந்த மற்றவர்களிடம் வாங்கினார்.

ஆனால் கன்னியப்பன் வாயுவை அறியாதவர் இல்லை. மொச்சைக்கொட்டைக் குழம்பைத் தின்றுவிட்டு ஐம்பத்து மூன்று வருஷமாக வாயுவோடு குடித்தனம் நடத்தியவர். வாயு வந்தால் ஒரு பிடி ஓமம், இரண்டு ஏப்பம், முடிந்தது கதை. வாயுவுக்கு எவனாவது மூக்கில் குழாய் சொருகுவானா? மூன்று வாரம் மல்லாக்கப் போட்டு, வெளிக்குப் போகக்கூட எழுந்திருக்க விடாமல் தட்டு வைப்பானா? அதெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் இன்னும் மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்கிறார்களே, அது எந்த ஊர் வாயு?

கூடத்தில் ஜன்னலோரம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்.

முதலில் சோறு.

"இன்னாமே இது, கொயம்புல உப்பே இல்ல?"

"உப்பு கம்மியா போட்டா வாயு அடங்குமாம்."

"யாரு சொன்னது?"

"டாக்டருதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல அவரு? வாயு எனக்கா, ஒனக்கா?"

சுலோச்சனா பதில் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷத்தில் அவள் பதில் சொல்லாமல் போனதே கிடையாது. அவர் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்லுவாள். அப்படித்தான் இந்த வீடு நடந்தது. இப்போது எது சொன்னாலும் "சரிங்க" என்கிறாள். அதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

அடுத்தது மகள். பெருநகரில் கட்டிக்கொடுத்தவள் பஸ் ஏறி வந்தாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அடுப்பங்கரைக்குள் போய்க் கால்மணி நேரம் மூக்கை உறிஞ்சினாள். மறுபடி வெளியே வந்து சிரித்தாள். பார்க்க வந்தவர்களும் அப்படித்தான். வாசலில் குசுகுசு. உள்ளே வந்ததும், "ஒண்ணுமில்ல கன்னியப்பா, வாயுதான்" என்று கோயிலில் மணி அடித்த மாதிரி ஒரே வார்த்தை. யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். யார்?

ராஜாராம். வேறு யார் இருக்க முடியும்?

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பத்திரத்தில் கழனி பொதுவில் இருந்தது; உழுவது மட்டும் ஆளுக்குப் பாதி. புரட்டாசி கழிந்ததும் பாகம் பிரித்துக்கொள்வதாகப் பேச்சு. கிணறு யார் பங்கில் விழுவது என்பதில் போன சித்திரையில் இரண்டு பேரும் தெரு கேட்கச் சத்தம் போட்டிருந்தார்கள். அதுவரை மோட்டார் ஒருநாள் அண்ணனுக்கு, ஒருநாள் தம்பிக்கு. இப்போது தினமும் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது. யார் கழனிக்குத் தண்ணீர் போகிறது என்று கட்டிலில் கிடப்பவனுக்கு எப்படித் தெரியும்?

"நம்ம மொறையில யாரு மோட்டார் போட்றது?" என்று சுலோச்சனாவிடம் கேட்டார்.

"தம்பிதான். நம்ம கயனிக்கும் அவரேதான் பாத்துக்கினு கீறாரு. நடவு முடிச்சிட்டாரு."

"என்னக் கேக்காமயா?"

"நீங்க படுத்துக்கினு கீறீங்களே."

"ஆமா. படுக்க வச்சிட்டீங்க."

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மாத்திரை.

சின்ன மாத்திரை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நெஞ்சில் ஏதாவது செய்தால் உடனே ஒன்று. அதை விழுங்கக்கூடாதாம், நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கவேண்டுமாம். விழுங்காத மாத்திரையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. வைத்த இரண்டு நிமிஷத்தில் முகம் சூடேறும். கன்னப்பொறியில் இரண்டு பக்கமும் உலக்கை போட்டுக் குத்துவது போலத் தலை வலிக்கும். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டும். ஒவ்வொரு மாத்திரைக்கும் இது தவறாமல் நடந்தது. மாத்திரையைக் கொண்டுவந்து கொடுப்பது, தினமும் இரண்டு வேளை, ராஜாராம்.

தலைவலியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உஷாராகிவிடுவார்கள். நான்கு நாட்களாக மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தம்பி திரும்பியதும் கையில் துப்பி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். தலைவலி நின்றுபோனது. அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

செங்கேணி பார்க்க வந்தபோது பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"செங்கேணி, ஒன் புள்ளைங்க மேல ஆணையா கேக்கறன். எனக்கு இன்னா?"

செங்கேணி துண்டை முறுக்கினார். சுவரைப் பார்த்தார். மேலே கூரையைப் பார்த்தார்.

"வாயுதான் ஐயா."

"ஒன் மூஞ்சி ஏன் இப்டி வேர்க்குது?"

"வெயில்ல வந்தேன் இல்ல."

"மானம் மூடிக்கினு கீது. வெயிலு எங்க கீது?"

செங்கேணி எழுந்தே போய்விட்டார். போகும்போது வாசலில் ராஜாராமிடம் ஏதோ சொல்வதும், ராஜாராம் தலையில் கை வைத்துக்கொள்வதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஆக, செங்கேணியும் அந்தப் பக்கம்.

மறுநாள் கன்னியப்பன் ஒரு முடிவுக்கு வந்தார். நாளைக் காலையில் சுலோச்சனா மாட்டுக்கு வைக்கோல் போடப் போகும் நேரம் எழுந்து, மெயின் ரோடு வரை நடந்து, பஸ் ஏறி உத்திரமேரூர் போய்ப் போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவது. ஒரு மைல் நடை. முன்பெல்லாம் மூட்டையோடு நடந்த தூரம். அந்த ஒரு மைல் அவரைக் கொன்றுவிடும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் அவரிடம் வாயு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

போவதற்கு முன்னால் ஒரு சோதனை மட்டும் பாக்கி இருந்தது.

அன்று மாத்திரை கொடுக்க ராஜாராம் வழக்கத்துக்கு முன்னாலேயே, உச்சிவெயில் தாழும் நேரத்தில் வந்தான். காலையில் குடித்த கூழோடு கழனியில் நின்றுவிட்டு நேராக வந்திருந்தான். முழங்கால் வரை சேறு. உதட்டில் உப்புப் பூத்திருந்தது. பாட்டிலைத் திறந்து மாத்திரையை உள்ளங்கையில் தட்டி நீட்டினான்.

"ந்தாண்ணா."

"மொதல்ல நீ ஒண்ணு போடு."

"இன்னாண்ணா?"

"வாயுதான? ஒனக்கும் வாயு இல்லாமலா பூட்டுது? நீ போடு. அப்பால நான் போட்றன்."

"வெளையாடாதண்ணா. இது ஒனக்குக் குடுத்தது."

"அப்ப எனக்குன்னு தனியா செஞ்சதா? சொல்லு. அதான கேக்கறன்."

ராஜாராம் அடுப்பங்கரைக் கதவைத் திரும்பிப் பார்த்தான். சுலோச்சனா அங்கே நின்றுகொண்டிருந்தாள். போடாமல் விட்டால் அண்ணனுக்குச் சந்தேகம் கெட்டிப்படும். ஏன் போடக்கூடாது என்று சொல்லப்போனால் சத்தியம் உடையும். கோபம் வந்தால் அண்ணன் நெஞ்சு தாங்காது. அவன் ஒரு மாத்திரையை எடுத்து நாக்கைத் தூக்கி அடியில் வைத்துக்கொண்டான்.

"தோ. போதுமா?"

கன்னியப்பன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கறுத்த முகத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்தது. ராஜாராம் நெற்றியைத் தேய்த்தான்.

"இன்னாடா, தல வலிக்கிதா?"

"இல்லண்ணா. நான் போயி மூஞ்சி கயுவிக்கினு..."

எழுந்தான். இரண்டு எட்டு வைத்தான். நிலைப்படியைப் பிடிக்கக் கை நீட்டினான்; பிடி கிடைக்கவில்லை. அறுத்த வாழை மாதிரி அப்படியே சாய்ந்து தரையில் விழுந்தான்.

"வெசம்!" என்று கத்தினார் கன்னியப்பன். "வெசம்மே! பாத்தியா, வெசம்!"

கத்திக்கொண்டே கட்டிலிலிருந்து குதித்தார். ஐந்து வாரமாகத் தரையை மிதிக்காத கால். இவ்வளவு நாளும் விஷம் வைப்பவன் என்று நினைத்த தம்பியைத்தான், அந்த விஷம் அடித்துவிட்டது என்ற பதைப்பில் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார். பாதி தூக்கினார். அதோடு நின்றுவிட்டார்.

நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலைப் போட்டு அழுத்தினார்கள். அன்றைக்குக் கழனியில் வந்த அதே அழுத்தம். தாடை வரை ஏறியது. இடது கை கனத்தது. தம்பியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

சுலோச்சனா ஓடிவந்தாள். உருண்டு கிடந்த பாட்டிலைப் பொறுக்கி ஒரு மாத்திரையை எடுத்தாள்.

"வாயத் தொற."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணால் தரையில் கிடப்பவனைக் காட்டினார். அவனை ஒரே மாத்திரை சாய்த்துவிட்டதைப் பார்த்த பிறகு அதையே தன் வாயில் போடச் சொல்கிறாளே, இவளும் சேர்ந்தவள்தான்.

"தொறய்யா! ஒனக்கு வந்தது வாயு இல்லய்யா! மாரடைப்பு! அன்னிக்கிக் கயனியிலேயே செத்திருக்க வேண்டியவன் நீ! ஒங்கிட்ட சொன்னா அதுலயே பூடுவன்னு டாக்டர் சத்தியம் வாங்கிக்கினாரு. அஞ்சி வாரமா நான் சோறு தின்னல, தூங்கல. ஊரே வாய மூடிக்கினு கீது. இப்ப சொல்லிட்டன். சாவறதுன்னா மாத்திரையப் போட்டுட்டுச் சாவு!"

சொல்லிவிட்டு அவளே பயந்துபோய் அவரைப் பார்த்தாள். கேட்ட மாத்திரத்தில் போய்விடுவார் என்றுதானே சொல்லியிருந்தார்கள்.

கன்னியப்பன் போகவில்லை. மாரடைப்பு என்ற வார்த்தை அவருக்குள் மெதுவாக இறங்கியது. உப்பில்லாத குழம்பு, மகளின் சிரிப்பு, கூரையைப் பார்த்த செங்கேணி. எல்லாம் பொருந்துகிறது. ஆனால் விஷம் என்றாலும் இதெல்லாம் பொருந்தத்தான் செய்கிறது. எதை நம்புவது? நெஞ்சின் அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் கையிலிருந்த மாத்திரை வியர்வையில் ஊறியது.

அப்போது தரையில் கிடந்த ராஜாராம் முனகினான்.

"ண்ணா..."

கண்ணைத் திறக்காமலே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தல வெடிக்கிதுண்ணா. ரெண்டு பக்கமும் குத்துது. இத்தயாண்ணா நீ தெனம் ரெண்டு வேள போட்டுக்கினு கெடந்த? ஒரு வார்த்த சொல்லலயே."

கன்னியப்பன் அவனையே பார்த்தார். அதே தலைவலி. அதே கன்னப்பொறி. சாகவில்லை, பேசுகிறான். தானும் எத்தனையோ மாத்திரை போட்டுச் சாகவில்லை. விஷம் வைக்கிறவன் தன் வாயில் போட்டுக்கொண்டு விழமாட்டான்.

வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கினார்.

சுலோச்சனா அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து முந்தானையால் விசிறினாள். முகம் சூடேறியது. தலை குத்த ஆரம்பித்தது. இந்தத் தடவை அவர் அந்தக் குத்தலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். நெஞ்சில் இருந்த முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக எடுபட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த செங்கேணி சைக்கிளில் உத்திரமேரூருக்குப் பறந்து கார் கொண்டுவந்தார். பின் சீட்டில் கன்னியப்பனைப் படுக்கவைத்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள் சுலோச்சனா. முன் சீட்டில் ஈரத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு ராஜாராம். காஞ்சிபுரம் போகும் வழியில் கன்னியப்பன் கேட்டார்.

"ஊருக்கே தெரியுமா?"

"ம்" என்றாள் சுலோச்சனா.

"ஆட்டுக்காரன் இருசப்பனுக்குக் கூடவா?"

"அவருக்கும்."

"தூ" என்றார்.

டாக்டர் மறுபடியும் ஒயரை ஒட்டிக் காகிதம் எடுத்தார். பழைய காகிதத்தையும் புதிய காகிதத்தையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"புதுசா ஒண்ணும் ஆகல. நேரத்துக்கு மாத்திரை போட்டதால வலி நின்னுருக்கு. பயப்படாதீங்க பெரியவரே, இது வாயு..."

"மாரடைப்புன்னு தெரியும் சார்."

டாக்டர் சட்டென்று நிமிர்ந்து ராஜாராமையும் சுலோச்சனாவையும் முறைத்தார்.

"யார் சொன்னது?"

சுலோச்சனா தலையைக் குனிந்துகொண்டாள். கன்னியப்பன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல சார். நானா கண்டுபுடிச்சன். அஞ்சி வாரமா படுத்துக்கினு எனக்கு வேற இன்னா வேல? ஏன் சார் எங்கிட்ட சொல்லல?"

"பயந்துடுவீங்கன்னுதான்."

"தெரியாம கெடந்தன் பாரு, அப்பதான் சார் பயந்தன். பொண்டாட்டி மேல பயம். கூடப் பொறந்தவன் மேல பயம். சோத்து மேல பயம். மாத்திரைய நாலு நாளா துப்பிட்டன்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் நோயாளியிடமே எல்லாம் சொன்னார். அடைத்த குழாய், செத்த சதை, அந்த இடம் ஆறித் தழும்பாக ஆறு வாரம் ஆவது, புண் ஆறுவதற்கு முன் பளு தூக்கினால் என்ன ஆகும் என்பது.

"மாட்டுக் கயுத்துல நுகத்தடி புண்ணு மாதிரியா சார்? புண்ணு காயறதுக்குள்ள ஏர் கட்டினா பிச்சிக்குமே."

"அதேதான். ஆறின பிறகு மெதுவா நடக்கலாம். அப்புறம் வேலையும் கொஞ்சம் கொஞ்சமா செய்யலாம். பீடி மட்டும் கூடவே கூடாது."

"தலவலி?"

"மாத்திரை ரத்தக் குழாயை விரிக்கும். நெஞ்சுலயும் விரியும், தலையிலயும் விரியும். அதான் வலி. நல்லா இருக்குற ஆளு, வெறும் வயித்துல, வெயில்ல வந்து போட்டுட்டு எழுந்து நடந்தா பிரஷர் இறங்கி விழத்தான் செய்வான்." ஈரத்துணி கட்டிய ராஜாராமை ஒரு பார்வை பார்த்தார். "உங்க அப்பா எப்படி இறந்தார்?"

"கயனியிலதான் சார். நாப்பத்தெட்டு வயசு. மாரப் புடிச்சிக்கினு ஒக்காந்தாரு, எழுந்திருக்கல. காத்து கருப்பு அடிச்சிட்டுதுன்னாங்க."

டாக்டர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைக் கன்னியப்பன் விடவில்லை.

"அப்ப அதுவும் இதானா?"

"இருக்கலாம். சில குடும்பங்கள்ல வரும்."

கன்னியப்பன் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். நாற்பத்தாறு வயது. நாளைக்கு ஒரு கட்டு பீடி. ஐந்து வாரமாக இரண்டு பேர் கழனியையும் ஒற்றை ஆளாகப் பார்த்த உடம்பு. இன்றைக்கு விழுந்தது.

"சார், இவனையும் அந்த மிசின்ல வச்சிப் பாரு."

"எனக்கு இன்னாத்துக்குண்ணா? நான் மாத்திரையால விய்ந்தன்."

"மாத்திரையாலதான் விய்ந்தியான்னு எனக்குச் சந்தேகமா கீது. படுடா."

"அண்ணா, செலவு..."

"படுடான்னா!"

"கோவப்படக் கூடாதுன்னு இப்பதான சொன்னாரு" என்றாள் சுலோச்சனா. ஐந்து வாரத்துக்குப் பிறகு பழையபடி எதிர்த்துப் பேசினாள். பிறகு கொழுந்தனைப் பார்த்து, "படுங்க தம்பி. இல்லன்னா இவரு அடங்க மாட்டாரு" என்றாள்.

ராஜாராம் பெஞ்சில் படுத்தான். மிஷின் காகிதத்தைத் தள்ளியது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கன்னியப்பன் காகிதத்தைப் பார்க்கவில்லை, அதைப் படித்துக்கொண்டிருந்த டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் அசைகிறதா, உதடு மடிகிறதா, சுலோச்சனாவை வராந்தாவுக்குக் கூப்பிடக் கண் காட்டுகிறாரா என்று.

"ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். "நல்லா இருக்கு."

"எனக்கும் அப்டித்தான சார் சொன்ன" என்றார் கன்னியப்பன். "இப்டி வா. காயிதத்த இங்க வச்சி, எது நல்லா கீதுன்னு வெரல வச்சிக் காட்டு."